பழைய லாரியில ஏசி குளிரலையா? கேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[காட்சி: ஆத்தங்குடி. டைல்ஸ் பட்டறை வாசல்ல லாரி நிக்குது, கேபின் கதவு ரெண்டும் திறந்திருக்கு.]

மத்தியானம் மணி ரெண்டு. பக்கத்து வீட்டுக்குள்ள போனா சுண்ணாம்புச் சுவரு, உயரமான கூரை, நடுவுல திறந்த முற்றம், காத்து ஜில்லுன்னு ஓடுது. இந்தத் தகரக் கேபின்ல ஏறினா சீட்டுல கை வைக்க முடியல. ஏசி ஓடுது, காத்தும் வருது. குளிரத்தான் மாட்டேங்குது.

2025 அக்டோபர் 1-லேர்ந்து தயாராகுற பெரிய லாரிக்கெல்லாம் கேபின் ஏசி கட்டாயம்னு ஆயிருச்சு. இது 2012 மாடல். ஏசி பின்னாடி வெளியில வாங்கி மாட்டினது. டிரைவர் அண்ணன் வந்ததும் கேட்டாரு: “தம்பி, கேஸ் அடிச்சிரலாமா?” ரெண்டு கோடையில ஏற்கெனவே மூணு தடவை அடிச்சாச்சு.

கேஸ் என்ன டீசலா, எரிஞ்சு தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ள, குளிர வைக்கிற அதே கேஸ்தான் சுத்தி வரும். ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல துளித்துளியாக் கசியும், அது வேற கதை. ஆறு மாசத்துல காலியாகுதுன்னா எங்கயோ வழி இருக்கு. அதை அடைக்காம கேஸ் அடிக்கிறது ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கிற வேலை.

[காட்சி: டேஷ்போர்டு. கை ப்ளோயர் நாப்பைத் திருப்புது.]

மொதல்ல காத்து. ஒண்ணு, ரெண்டுல வராம கடைசி ஸ்பீடுல மட்டும் வந்தா, பெரும்பாலும் காத்து வேகத்தைக் கொறைக்கிற ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆரம்பத்துல நல்லா வந்து, போகப் போக காத்து கொறைஞ்சா கூலிங் காயில்ல ஐஸ் கட்டுது. ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க. அதுலயும் சரியாகலன்னா, குளிர் போதும்னா கம்ப்ரசரை நிறுத்துற தெர்மோஸ்டாட்.

அடுத்தது கம்ப்ரசர், கேஸை அழுத்தித் தள்ளுற பம்ப். எஞ்சின் ஓடும்போது ஒருத்தர் ஏசி சுவிட்சைப் போடட்டும், நீங்க தள்ளி நின்னு கம்ப்ரசரோட கிளட்ச்சைப் பாருங்க. பெல்ட் பக்கத்துல துண்டு, வேட்டி எதுவும் தொங்கக் கூடாது. ‘டக்’னு ஒரு சத்தம் வந்து முன்னாடி இருக்கிற தட்டு கூடச் சுத்தணும். சுத்தலன்னா ஃப்யூஸ், ரிலே, வயர். இல்லன்னா கேஸ் கம்மியாகி பிரஷர் சுவிட்ச்சே கரண்டைக் கட் பண்ணியிருக்கும். சுவிட்சை ஷார்ட் பண்ணி ஓட்டாதீங்க. ஆயில் கேஸோட சேர்ந்துதான் சுத்துது. கேஸ் இல்லாம ஓடினா கம்ப்ரசர் காய்ஞ்சு பிடிச்சுக்கும்.

[காட்சி: வண்டி முன்பக்கம், கிரில்லுக்குப் பின்னாடி கண்டென்சர்.]

நம்ம ஊருக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. ரோட்டுல ஓடும்போது குளிருது, பட்டறையில லோடு ஏத்த நின்னா சூடாயிருது. இதைப் பாருங்க, கேஸோட சூட்டை வெளிய விடுற கண்டென்சர். ஃபின்னுங்கிற மெல்லிய தகடு இடுக்கெல்லாம் செம்மண். மேல தண்ணி பட்டு, காய்ஞ்சு, சாந்து பூசின மாதிரி ஆயிருச்சு. காத்து நுழையவே வழியில்ல, அப்புறம் சூடு எப்படி வெளிய போகும்? எஞ்சின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமாத் தண்ணி அடிங்க, மெதுவா. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட வச்சு அடிச்சா ஃபின் மடங்கிரும். அதோட, கண்டென்சர் ஃபேன் சுத்துதான்னும் ஒரு தடவை பார்த்துக்கங்க.

இவரு வண்டியில கழுவினதும் பாதி சரியாச்சு. மீதிப் பாதிக்கு, கேஸ் அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டினேன்.

[காட்சி: கேஜ், நீல ஹோஸ், சிவப்பு ஹோஸ்.]

உள்ள இருக்கிற கேஸ் பேரு ஆர்134ஏ. நீலம் லோ சைடு, அழுத்தம் கம்மியான பக்கம்; சிவப்பு ஹை சைடு, அழுத்தம் அதிகமான பக்கம். எஞ்சினை அணைச்சு ஆறவிட்டா ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நிக்கும். 35 டிகிரி வெயில்ல சுமாரா 110 பிஎஸ்ஐ. அதுக்கு ரொம்பக் கீழ இருந்தா கேஸ் ரொம்பக் கம்மின்னு அர்த்தம். சரியா நின்னா மட்டும் போதுமான கேஸ் இருக்குன்னு நினைக்காதீங்க, உள்ள கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே அந்த அளவு காட்டும். ஓடும்போது ரெண்டு பக்கமும் கம்மின்னா கேஸ் பத்தல. நீலம் ஏறி சிவப்பு இறங்கினா கம்ப்ரசர் தள்ளாடுது. ரெண்டும் ஏறினா கண்டென்சர் சூட்டை விடல, இல்ல யாரோ அளவுக்கு மேல அடிச்சிட்டாங்க.

இவருக்கு நிறுத்தி வச்சே 60தான். சரி, எங்க போகுது?

இப்ப செம்மண்ணே நமக்கு உதவி. கேஸ் கசியுற இடத்துல ஆயிலும் சேர்ந்து கசியும், அதுல தூசி ஒட்டிக்கும். வண்டி முழுக்க சிவப்பா இருக்கு, ஒரு இடம் மட்டும் கறுப்பா, ஈரமா. லோ சைடு சார்ஜிங் போர்ட், கேஸ் அடிக்கிற வாய். மூடியைக் காணோம். யாரோ கேஸ் அடிச்சிட்டு மாட்டாமப் போயிட்டாங்க.

[காட்சி: பிரஷ்ல சோப்பு நுரை தடவுறது. ரொம்பக் கிட்டத்துல.]

எஞ்சினை அணைச்சிட்டுத்தான் நுரை தடவணும். ஓடும்போது லோ சைடுல சுமாரா 30, 40 பிஎஸ்ஐதான் இருக்கும், நிறுத்தினாத்தான் அழுத்தம் ஏறும். பாருங்க... ஒரு சோப்பு முட்டை. கடுகளவுல கிளம்பி, மெதுவா உப்பி, உடைஞ்சு, திரும்ப வருது. அந்தக் கேஸ் காசு மொத்தமும் இது வழியாத்தான் போயிருக்கு. உள்ள கேஸை அடைச்சு நிக்கிற வால்வு கோர் தேஞ்சிருக்கு.

இனிமே மெஷின் வச்சிருக்கிறவர் கிட்ட விடுங்க, நீங்களா திறக்காதீங்க. மூஞ்சியில, கையில பட்டா கேஸ் தோலை உறைய வச்சிரும். மிச்ச கேஸை மெஷின்ல இழுத்துட்டு, கோர் மாத்தி, மூடி போட்டு, அரை மணி நேரம் வேக்கம், அதாவது உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும். நிறுத்தினப்புறம் முள்ளு அசையாம நிக்கணும், அசைஞ்சா இன்னொரு ஓட்டை இருக்கு. அப்புறம் ஏசி கிட்டோட வந்த ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராமைத் தராசுல நிறுத்து அடிக்கச் சொல்லுங்க. குழாயைக் கையால தொட்டுப் பார்த்து “போதும்ணே”ன்னு சொல்றவர் கிட்ட போகாதீங்க.

[காட்சி: சாயங்காலம். அண்ணன் வண்டிக்கு அடியில எட்டிப் பார்க்கிறாரு.]

“தம்பி, தண்ணி ஒழுகுதே?”

ஒழுகட்டும்ணே. கூலிங் காயில்ல காத்தோட ஈரம் பட்டு வர்ற தண்ணி அது. அது கீழ சொட்டாம உங்க கால் மிதியில தேங்கினாத்தான் ட்ரெயின் குழாய்ல மண்ணு அடைச்சிருக்குன்னு என்னைக் கூப்பிடணும்.