செதிலுக்குள் மறைந்த உலோகங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காக்காப்பொன் என்று நாம் வழங்கும் அபிரகத்தின் இனத்தில், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமுடைய ஒரு கனிமம் உண்டு. அதன் பெயர் லெபிடோலைட். லித்தியம் நிறைந்த கனிமம் என்பதால் அந்த நிறத்தையும் லித்தியமே தருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால், லித்தியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் சிறிதளவு கலந்துள்ள மாங்கனீசே அந்த நிறத்தைத் தருகிறது.

இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியிலுள்ள ரோஷ்னாவில் கிடைத்த இக்கனிமத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத், செதிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்குப் பெயரிட்டார். யுரேனியத்தைக் கண்டறிந்த அதே கிளாப்ரோத்தான்; ஆயினும் தம் கையிலிருந்த செதில்களுக்குள் லித்தியம் இருப்பதை அவர் அறியவில்லை. 1817இல் சுவீடனின் ஆர்ஃப்வெட்சன் வேறொரு கனிமத்தில் லித்தியத்தைக் கண்டறிந்த பிறகே, இதிலும் அது உண்டென்று தெரியவந்தது. அப்போதும் ஒன்று எஞ்சியிருந்தது. 1861இல் ஜெர்மானிய அறிவியலாளர்களான புன்சனும் கிர்க்காஃபும் லெபிடோலைட்டிலிருந்து பிரித்த உப்பைச் சுடரிலிட்டு நிறமாலையை நோக்கியபோது, அதுவரை எவரும் அறிந்திராத அடர்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. அந்தச் சிவப்பாலேயே புதிய தனிமம் ருபிடியம் எனப் பெயர் பெற்றது.

லெபிடோலைட்டின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை செல்லும் மோ அளவுகோலில் ஏறக்குறைய 2.5 முதல் 3.5 வரைதான். அடுக்குகளைப் பொட்டாசியம் அயனிகள் வலுவின்றிப் பிணைத்திருப்பதால், அது மெல்லிய தகடுகளாக எளிதில் உரியும். வளைத்து விட்டால் பழையபடி நிமிரும். லித்தியமோ அந்த அடுக்குகளுக்கு உள்ளேயே இறுகப் பொதிந்திருப்பதால், தகடுகளை உரிப்பதாலோ பொடிப்பதாலோ மட்டும் அது வெளிவராது. சல்பேட் உப்புகளைச் சேர்த்து உயர்வெப்பத்தில் வறுத்து, நீரில் கரைத்து, சோடியம் கார்பனேட்டால் லித்தியம் கார்பனேட்டாக வீழ்படியச் செய்வது ஒரு வழி. கனிமத்தில் ஃபுளூரினும் இருப்பதால், வெளியேறும் வாயுவைக் கவனமாகக் கையாள வேண்டும்.

கண்ணாடி, பீங்கான் தொழில்களில் உருகுவெப்பத்தைக் குறைக்க இதனை நேரடியாகவே சேர்ப்பதுண்டு. மின்கலங்களுக்கான லித்தியத்தை எடுக்க ஸ்போடுமீன் என்ற கனிமத்தையே பலரும் விரும்புகிறார்கள் என்றாலும், சீனாவின் ஜியாங்சி மாகாணத்திலுள்ள யிச்சுனில் லெபிடோலைட்டே மூலப்பொருள். அங்குள்ள தாதுவில் லித்தியத்தின் அளவு குறைவு; ஆகவே ஒரு டன் கார்பனேட்டுக்காகப் பன்மடங்கு பாறையை அகழ வேண்டியிருக்கிறது, கழிவும் மலையாய்க் குவிகிறது. லித்தியத்தோடு துணைப்பொருளாக எடுக்கப்படும் ருபிடியம், வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்களில் நேரம் காட்டுகிறது.