சைவ வீட்டுச் சட்டியும் ஆலயத்து அகப்பையும்

(கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்து ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் ஆலயத் தலைவர் அவர்களே, செயலவையினரே, காலைப் பூசை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அம்மா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, வாசலில் மோர் கொடுத்து வரவேற்ற இளைஞர் அணித் தம்பி தங்கைகளே, இந்நேரமும் மடைப்பள்ளி அடுப்பருகே நின்றபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். மாதிரிக்குப் பயறு வகைகளைக் கொடுத்தனுப்பிய மஸ்ஜிட் இந்தியா மளிகைக் கடைக்காரருக்கும் நன்றி.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். நம் சைவ வீடுகளில் சட்டியில் என்ன இருக்கிறது? குவித்த வெள்ளைச் சோறு, தண்ணீர்ச் சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். இறைச்சி இல்லை என்பதாலேயே அது நல்ல சாப்பாடு ஆகிவிடாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரிய வந்தது. அந்த வரிசையில் முன்னால் நிற்பது நம் சமூகம். சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரு’, அதாவது மலாயில் ‘கால், கால், பாதி’, என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காயும் பழமும். சைவக்காரருக்கு அந்தப் புரதக் கால் பங்கு எங்கிருந்து வரும்?

பயறு, தானியம், எண்ணெய் என்று மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பயறிலிருந்து தொடங்குகிறேன்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்ந்த பயறு என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 11 கிராம் புரதம் கிடைக்கும். நான்கு பேருக்கு 200 கிராம், மாதத்துக்கு 6 கிலோ. துவரை 2 கிலோ, முழுப் பாசிப்பயறு 1, கொண்டைக்கடலை 1, உளுந்து 1, கொள்ளும் தட்டைப்பயறும் சேர்த்து 1. இதோடு பசாரில் கிடைக்கிற தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தௌவா (சோயாப்பால் கட்டி) வாரம் இரண்டு முறை. 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதை மலாய்க்காரர் சமையல் என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை மிளகு சீரகம் போட்டு வறுத்துப் பாருங்கள்.

ஆனால் 6 கிலோவையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். இங்கேதான் நம் வீடுகள் ஏமாறுகின்றன. ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நவராத்திரி மலிவு விற்பனையில் கொண்டைக்கடலை 10 கிலோ வாங்கினார்கள். பாதி செலவானது. மீதியைப் பெரிய பிஸ்கட் டின்னில் கொட்டி, அடுப்புக்கு நேர்மேலே இருக்கிற பலகையில் வைத்தார்கள். அடுத்த நவராத்திரி வந்தது. கொலுவுக்கு ஆட்கள் வருகிற நாள். இரவெல்லாம் ஊறிய கடலை குக்கரில் ஏறியது. ஐந்து விசில், கல். பத்து விசில், கல். தண்ணீர் சரியில்லை என்றார் மருமகள். குக்கர் சரியில்லை என்றார் மாமியார். மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் புது ரப்பர் வளையம் வாங்கி வந்தார். மாட்டினார்கள், இன்னும் எட்டு விசில். கேஸ் தோம்பு தீர்ந்தது. பக்கத்து வீட்டுத் தோம்பைக் கடன் வாங்கினார்கள். வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன, உள்ளே மாமி ஒரு கடலையை நசுக்குகிறார், விரல்தான் வலிக்கிறது. கடைசியில் வந்தவர்களுக்கு வாழைப்பழமும் வெற்றிலையும்தான். அந்த வீட்டில் எல்லார்மேலும் பழி விழுந்தது, அடுப்புக்கு மேலிருந்த டின்மேல் மட்டும் விழவில்லை.

குற்றம் அந்த இடத்தில்தான். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடக்கிற பயறின் உட்சுவர் இறுகிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் நெகிழாது. அப்படிப்பட்ட கடலையை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் ஓரளவு மசியும். சோடா கூடினால் சவர்க்கார வாடை வரும், பி1 உயிர்ச்சத்தும் போகும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று மூன்று கிலோவாக வாங்குங்கள். அடுப்புக்கு எட்டத்தில், காற்றுப் புகாத டப்பாவில், வாங்கிய தேதியை ஒட்டி வையுங்கள். வண்டுக்குக் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவதை மட்டும் நம்பாதீர்கள். பொட்டலத்தை அப்படியே உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். எடுத்தவுடன் பிரித்துவிடாதீர்கள், வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையேல் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது இருந்தால் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

தானியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு கட்டாயம் இருக்கட்டும், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கைக்குத்தல் அரிசியிலும் ஆட்டா மாவிலும் தவிட்டெண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சிறு பையாக வாங்கி ஐஸ்பெட்டியில் வையுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ தக்காளியோ கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் என்கிற பால் தேநீர் குடித்தால் அது தடைப்படும், ஒரு மணி நேரம் பொறுங்கள். பாலும் தயிரும்கூடத் தொடாதவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குப் பயறு உதவாது.

எண்ணெயை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில், தலைவர் அவர்கள் முன்னிலையில் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது வீட்டுக்கு மட்டுமா? வாரம் ஒரு முறையாவது இந்த மடைப்பள்ளி அகப்பையிலிருந்து சாப்பிடுகிற பிள்ளைகளும் முதியோரும் இங்கே எத்தனை பேர்! அவர்கள் இலையில் விழுவது சோறும் கேசரியும். பினாங்குத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களிலும் பத்துமலை அடிவாரத்திலும் கைநிறையக் கொடுக்கிற நம் சமூகம், வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் ஒரு முழுப்பயறு பண்டத்தைக் கட்டாயமாக்க முடியாதா? கேசரியை நிறுத்தச் சொல்லவில்லை. கேசரிக்கு முன்னால் சுண்டல் விழட்டும், சோறு அரை அகப்பை குறையட்டும். உபயக்காரர்கள் அரிசி மூட்டை தருவதுபோல் பயறு மூட்டையும் தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள், கொண்டு வருவார்கள்.

அக்காமார்களே, கணக்கு இதுதான். 100 பேருக்குக் கொண்டைக்கடலை 4 கிலோ. மூன்று பங்கு தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறட்டும். இந்த வெக்கையில் அதற்குமேல் விட்டால் நுரைத்து வாடை வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். திறந்த அண்டாவில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அடுப்பை முதலில் அதற்குக் கொடுங்கள். வெந்து வடித்தால் 8 கிலோவுக்கு மேல் நிற்கும். வடித்த பிறகு தாளியுங்கள். தேங்காய்த் துருவலைப் பரிமாறுவதற்குச் சற்று முன் சேர்த்தால் ஊசிப்போகாது.

வரும் வெள்ளி அன்னதானத்துக்குப் பன்னிரண்டு கிலோ வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குக் கடலையை ஊறப்போட இரண்டு பேர், காலை பதினொரு மணிக்கு அண்டா ஏற்ற நான்கு பேர் தேவை. மகளிர் பிரிவு மேசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். போகும்போது பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.