பார்த்துக்கொண்டுதான் வந்தேன்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காதில் ப்ளூடூத். தம்பி பேசிக்கொண்டிருந்தான், மகள் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று. கை இரண்டும் ஹேண்டில்பாரில், கண் ரோட்டில். திடீரென்று முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பூக்கூடை. அதைச் சுமந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கியது. அவர் திட்டவில்லை. "பார்த்து வரக் கூடாதா சார்?" என்று மட்டும் கேட்டார். கூடையைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

1999-இல் ஹார்வர்டில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடும் வீடியோ. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு நடுவே நடந்து போவார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.

சாதாரண ஆட்கள், விளையாட்டு மும்முரத்தில் விட்டிருப்பார்கள் என்று தோன்றலாம். சரி, பயிற்சி பெற்ற கண்ணுக்கு? டிராஃப்டன் ட்ரூ குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. ஸ்கேன் படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன்களைக் கொடுத்து, கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். ஒரு ஸ்கேனில் சின்ன கொரில்லா படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். தவறவிட்டவர்களில் பெரும்பாலானவர்களின் பார்வை நேராக அந்தக் கொரில்லா மேலேயே விழுந்திருக்கிறது.

தமிழில் 'பார்', 'காண்' என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம். பார்ப்பது கண்ணின் வேலை. காண்பதற்கு மனம் கூட வர வேண்டும். என் மனம் அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் இருந்தது.

கையில் போன் இல்லையே, ஹேண்ட்ஸ்ஃப்ரீதானே என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் 2001-இலேயே, வண்டி ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து, ஆய்வகத்தில் இதைச் சோதித்துவிட்டார். போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சிவப்பு விளக்கு சிக்னலைத் தவறவிடுவது இரு மடங்குக்கு மேல் கூடியது. போனைக் கையில் பிடித்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வித்தியாசம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் பேசுவது வேறு. லாரி குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருக்கிற தம்பிக்கு லாரி தெரியாது.

மனம் போகாத இடத்தில் நமக்காக வேறு யாரோ முடிவெடுத்துவிடுகிறார்கள். 2003-இல் எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் எழுதிய கட்டுரையில், உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம். பக்கத்து நாடு ஆஸ்திரியாவில் 99-க்கும் மேல். இரண்டு ஊரிலும் ஒரே மொழி. ஜெர்மனியில் வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரியாவில் வேண்டாம் என்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்; கவனிக்காமல் விட்டால் சம்மதம் என்றே கணக்கு. அங்கே அது ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. டிக்கெட் பதிவு செய்யும்போது காப்பீட்டுக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருந்தால், அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

அன்றிலிருந்து வண்டியில் ஏறும்போது போனை சைலண்டில் போட்டு, சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். தம்பியிடமும் சொல்லியாயிற்று. இப்போது அவன் "அண்ணே, வீட்டுலயா ரோட்டுலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறான்.