சொந்த வலைக்குள் பந்தை எறிந்தால் கோலா? பலருக்கும் தெரியாத த்ரோ-இன் விதி!

பந்து வலைக்குள் கிடக்கிறது. எதிரணி துள்ளிக் குதிக்கிறது. ஆனால் விதிப்படி அது கோலே இல்லாமல் போகலாம்! எப்படி என்று பார்ப்போம்.

வணக்கம். ஆஃப்சைடு (எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்று பந்து வாங்குவது) என்றால் சண்டைக்கு வர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாவம், த்ரோ-இன்னை, அதாவது பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் கையால் எறிந்து ஆட்டத்தைத் தொடர்வதை, யாரும் சீண்டுவதில்லை. எனக்கோ கால்பந்தில் அதுதான் செல்ல விதி.

அடிப்படையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: இரண்டு கால்களும் தரையில் பட்டிருக்க, இரு கைகளாலும் தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். போதும்.

இனிதான் விஷயம். த்ரோ-இன்னில் நேரடி கோல் கிடையாது. எதிரணியின் வலைக்குள் நேராக எறிந்தால் அவர்களுக்கு கோல் கிக் (தங்கள் கோல் முன்னாலிருந்து உதைப்பது). நம் வலைக்குள் நாமே எறிந்துவிட்டால் அவர்களுக்கு கார்னர் கிக் (நம் பக்க மூலையிலிருந்து உதைப்பது). இடையில் யார் மீதாவது பட்டுப் போனால் மட்டும் கோல் செல்லும்.

2002 செப்டம்பரில் இங்கிலாந்து அணிகளான பர்மிங்காம் சிட்டியும் ஆஸ்டன் வில்லாவும் மோதின. வில்லாவின் மெல்பெர்க், தன் அணி கோல்கீப்பர் என்கெல்மனுக்கு த்ரோ-இன் எறிகிறார். சக வீரரின் த்ரோ-இன்னைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்பது 1997 முதல் விதி. ஆகவே என்கெல்மன் காலை நீட்டுகிறார். பந்து பூட்ஸுக்கு அடியில் நழுவி, ஆற அமர உருண்டு, கோட்டைத் தாண்டுகிறது!

பூட்ஸ் பட்டதா, படவில்லையா? நடுவர் டேவிட் எல்லரே கோல் கொடுத்துவிட்டார். வில்லா தரப்போ படவே இல்லை என்றது. வேடிக்கையைக் கவனியுங்கள்: கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் வெறும் கார்னர்தான். தடுக்கப் போனதுதான் வினை! ஆட்டத்தை பர்மிங்காம் 3-0 என்று வென்றது. வில்லா ரசிகர்களிடம் இன்றைக்கும் இதை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு சலுகை, த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி அணிக்கு ஆடிய ரோரி டெலப், பள்ளி நாட்களில் ஈட்டி எறிந்தவர், பந்தை நேரே கோல் வாசலுக்கே எறிவார். 2008இல் ஹல் சிட்டி கீப்பர் போவாஸ் மைஹில், அவருக்கு த்ரோ-இன் கொடுப்பதற்குப் பதில் கார்னரே மேல் என்று பந்தைத் தன் கோல் கோட்டுக்கு வெளியே உதைத்தார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

உள்ளரங்கில் ஐவர் அணியாக ஆடும் ஃபுட்சாலில் இந்தத் தொல்லையே இல்லை. கோட்டில் பந்தை வைத்து உதைப்பதோடு சரி.

கடைசியாக ஒரு குறும்பு. எறிபவர், மற்றொருவர் தொடும் முன் பந்தை மீண்டும் தொடக்கூடாது. அதனால் சிலர், திரும்பி நிற்கும் எதிரணி வீரரின் முதுகில் பந்தை மெல்ல எறிந்து, எகிறி வருவதைத் தாமே எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். முரட்டுத்தனமாக எறியாத வரை விதி இதை அனுமதிக்கிறது. எனக்கு இது புத்திசாலித்தனம். உங்களுக்கு? கருத்துப் பகுதியில் சண்டைக்கு வாருங்கள். வரும் வழியில் சப்ஸ்கிரைப் பொத்தானையும் அழுத்திவிடுங்கள்.