பபூனுக்கு ஒரு முழு இரவு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று வீட்டிலிருந்தபடியே கார்ட்டூன் செய்கிறார்கள். பிளெண்டர் போன்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, செல்போனில் குரல் பதிந்துகொள்ளலாம். என்னிடம் கதை பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பத்து நிமிஷ காமெடி நல்லா வருது சார், இதையே இழுத்து ஒரு படமா பண்ணிடலாமா?" இந்த 'இழுத்து' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் கடைசியில் 'அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் தொடங்கியது. பெரியவர்களுக்கானது, ராத்திரி நேரத்தில் போடுவது. அதில் மூன்று பேர் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒருவர் மில்க்‌ஷேக் டம்ளர், ஒருவர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், மூன்றாமவர் கைமா உருண்டை. டம்ளர் வாய்ச்சவடால் பேர்வழி. பொட்டலத்துக்கு மட்டும் கொஞ்சம் புத்தி உண்டு. உருண்டை குழந்தை மாதிரி எதையும் நம்பிவிடும். பக்கத்து வீட்டில் கார்ல் என்று ஒரு மனிதர். பனியனும் தங்கச் சங்கிலியுமாக இருப்பார், வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் வைத்திருப்பார். இந்த மூவரால் வருகிற எல்லா வம்பும் அவர் தலையில்தான் விடியும்.

ஒரு பகுதி 11 நிமிடம்தான். ஒரு பகுதியில் வீடு இடிந்தால் அடுத்த பகுதியில் முழுசாக நிற்கும். செத்தவர் எழுந்து வருவார். ஏன், எப்படி என்று யாரும் கேட்பதில்லை. நேற்று நடந்தது எதுவும் இன்றைக்கு நினைவில் இல்லை என்பதுதான் இந்த மாதிரித் தொடர்களின் பலமே. சினிமா அப்படி ஓடாது. ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்காருகிறவருக்கு, பத்தாவது நிமிடத்தில் நடந்தது எழுபதாவது நிமிடத்தில் எங்கேயாவது வந்து முட்ட வேண்டும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆர்மோனியக்காரர் பாடி முடித்ததும் பபூன் வருவார். வந்ததும் ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், மிருதங்கக்காரரிடம் கடன் கேட்பார். அப்புறம் டான்ஸ் ஆடும் பெண் வந்து அவரோடு வாதம் செய்வார். இரட்டை அர்த்தப் பேச்சு தாராளமாக வரும். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் சிரிக்கிற பகுதி அது. பபூன் உள்ளே போனதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்காகப் பபூனையே விடிய விடிய ஆடவிட்டால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் கூட்டம் கொட்டாவி விடும். பபூனுக்குத் திறமை குறைவு என்று சொல்ல மாட்டேன். மேடையில் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். முருகனுக்கு வள்ளி வேண்டும். வேலனாக வந்து, வேடனாக வந்து, கடைசியில் தள்ளாடும் விருத்தனாக வந்தாவது அவளை அடைந்தாக வேண்டும். அந்த ஒரு ஆசைதான் விடியும்வரை கூட்டத்தை உட்கார வைக்கிறது.

சரி, அதற்காகப் பபூனை முருகனாக்கிவிடுவதா? சினிமாவுக்குப் போகிற நகைச்சுவைத் தொடர்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. தொடரில் திருந்தாமல் திரிந்தவர் படத்தின் கடைசியில் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கிறார். யாருக்கு வேண்டும் அது? பபூன் பபூனாகவே இருக்கட்டும். ஆசையும் அற்பமானதாகவே இருக்கட்டும். ஆனால் அதை முருகனுடைய பிடிவாதத்தோடு அவர் துரத்த வேண்டும்.

1996 டிசம்பரில் வந்த 'பீவிஸ் அண்ட் பட்ஹெட் டூ அமெரிக்கா' படத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய கார்ட்டூன் தொடரில் பீவிஸ், பட்ஹெட் என்ற இரண்டு பையன்களும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்து இளிப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள். அவர்களை வைத்துச் சினிமா எப்படி எடுப்பது? அதை உருவாக்கிய மைக் ஜட்ஜ் எளிமையாக ஒரு காரியம் செய்தார். டிவியைத் திருட்டுக் கொடுத்துவிட்டார். டிவியைத் தேடி இருவரும் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள், நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போகிறார்கள். போலீஸ் துரத்துகிறது. கடைசியில் டிவி கிடைத்துவிடுகிறது. இடையில் அவர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை! எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிக்கும். 1 கோடியே 20 லட்சம் டாலரில் எடுத்த படம் 6 கோடிக்கு மேல் வசூலித்தது.

'சவுத் பார்க்' தொடரின் படம் 1999-இல் வந்தது. அந்தத் தொடர் குழந்தைகளைக் கெடுக்கிறது, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை என்று அங்கே பெரிய கூச்சல் இருந்தது. தொடரை உருவாக்கிய டிரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் அந்தக் குற்றச்சாட்டையே படத்தின் கதையாக்கினார்கள். சிறுவர்கள் திருட்டுத்தனமாக ஒரு பெரியவர்கள் படத்துக்குப் போய்க் கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு வருகிறார்கள். அம்மாக்கள் கொதித்தெழுகிறார்கள். பழி கனடா நாட்டின் மேல் விழுகிறது, யுத்தமே மூண்டுவிடுகிறது. அதோடு படம் நெடுகப் பாட்டு. கனடாவைப் பழிக்கிற பாட்டு ஒன்று ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பாட்டு வந்தால் ஒரு கோபமோ ஓர் ஆசையோ மூன்று நிமிடம் பெருகி நிற்கிறது, படத்துக்குத் தேவையான நீளம் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் கார்ட்டூன் செய்யும்போது மட்டும் ஏனோ பாட்டை மறந்துவிடுகிறார்கள்.

'சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரின் படம் 2007-இல் வந்தது. அதை நான் உதாரணமாக நீட்டப் போவதில்லை. அது பெரிய ஸ்டூடியோ, பெரிய பணம். நமக்கு உதவுவது அதே 2007-இல் வந்த அக்வா டீன் படம்தான். செலவு ஏழரை லட்சம் டாலர். வசூல் ஏறக்குறைய 55 லட்சம். அந்த வருடம் ஜனவரியில், தொடரின் விளம்பரத்துக்காக பாஸ்டன் நகரத்தில் மாட்டிய விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்து ஊரையே முடக்கினார்கள். நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டியது. படத்தின் செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

படம் தொடங்குவதைச் சொல்கிறேன். பழைய காலத்துத் தியேட்டர்களில் இடைவேளையில் தின்பண்டங்கள் கைகோத்துப் பாடி, வாங்கிச் சாப்பிட வாருங்கள் என்று அழைக்கும் விளம்பரம் அங்கே உண்டு. அதே போலப் படத்தில் பண்டங்கள் இனிமையாகப் பாடுகின்றன. நடுவில் வேறு ஒரு பண்டக் கூட்டம் புகுந்து, காது கிழியும் ஹெவி மெட்டல் இசையில் தியேட்டரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அலறுகிறது. பாடியது மாஸ்டடான் என்ற நிஜ இசைக்குழு. வீட்டு டிவியில் பார்த்ததைக் காசு கொடுத்து ஏன் தியேட்டரில் பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்கு அந்த இரண்டு நிமிடத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது. இது தியேட்டரில் மட்டுமே செல்லுபடியாகிற வேடிக்கை.

அதற்குப் பிறகு கதை ஓர் உடற்பயிற்சி இயந்திரத்தைச் சுற்றி வருகிறது. பூட்டி முடித்தால் அது ராட்சத ரோபோவாக எழுந்து நிற்கும். அற்ப ஆசை என்றேனே, அது இதுதான். இன்னொன்றும் செய்தார்கள், அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இந்த மூவரும் எப்படிப் பிறந்தார்கள் என்பதைப் படம் சொல்லும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். படம் சொல்லவும் செய்கிறது. ஒரு கதை, அதை மறுக்கும் இன்னொரு கதை, அதையும் கவிழ்க்கும் வேறொன்று என்று ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசியில் பழைய புதிர் அப்படியே இருக்கிறது. அபத்தத்துக்கு விளக்கம் கொடுத்தால் அந்த நிமிடமே அது செத்துவிடும் என்று அதை உருவாக்கிய டேவ் வில்லிஸும் மாட் மயெல்லாரோவும் தெரிந்து வைத்திருந்தார்கள். விளக்கம் கேட்டவர்களுக்கு மேலும் கொஞ்சம் அபத்தம் கொடுத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கல்லணைக் கால்வாயின் கடைமடையை நினைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த மதகு ஒன்று, பழைய டீசல் என்ஜின் ஒன்று, வயல் நண்டு ஒன்று. மூன்றும் தண்ணீருக்காகக் காத்திருக்கின்றன. மதகு தன்னைக் கேட்காமல் காவிரி ஓடியதில்லை என்று பீற்றும். என்ஜினுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி. நண்டு எல்லாவற்றையும் நம்பும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாயிற்று என்று செய்தி வரும், இவர்கள் வரவேற்புக்குப் பந்தல் போடுவார்கள், பங்காளிச் சண்டை வரும், பந்தல் எரியும். தண்ணீர் வராது. அடுத்த வாரம் பந்தல் மறுபடியும் முழுசாக நிற்கும். பத்து நிமிடத் தொடராக இதை எத்தனை பகுதி வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்படியானால் சினிமா எது? தண்ணீர் வந்துவிடுகிறது. அதுதான் சினிமா. தொடர் எதை வருஷக்கணக்காகத் தராமல் வைத்திருந்ததோ அதை முதல் கால் மணி நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். வந்த தண்ணீரை மதகு திறந்துவிட மறுத்தால்? நண்டு, காத்திருப்பதே தேவலை என்று முடிவெடுத்துக் கால்வாயோடு எதிர்நீச்சல் போட்டு மேட்டூரை மூடச் சொல்லி மனு கொடுக்கப் போனால்? வழியில் ஒரத்தநாடு, தஞ்சாவூர், கல்லணை, முக்கொம்பு என்று எத்தனை ஊர், எத்தனை பேர்! டிவி திருடுபோன பையன்களுக்குக் கிடைத்த பயணம் நம் நண்டுக்கும் கிடைத்துவிட்டது.

கடன், பங்காளி, சாராயம், சாதித் திமிர் என்று பெரியவர்கள் வாழ்க்கை முழுவதும் இதில் வரும். வரட்டும். கார்ட்டூன் என்றால் குழந்தைக்குத்தான் என்ற எண்ணம் நம்மிடம் பலமாக இருக்கிறது. அதனால் ஆரம்பத்திலேயே இது பெரியவர்களுக்கு என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள், தணிக்கைக்கும் அப்படியே அனுப்புங்கள். பயந்து பாதி மழுப்பினால் இரண்டு தரப்புக்கும் ஆகாமல் போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். இந்த மாதிரித் தொடர்களில் படம் அதிகம் அசையாது, குரல்தான் எல்லாம். 1939 முதல் திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த பகுதி இது. நாடகத்தைக் காதால் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். ஆகையால் ஒரு கோடு வரைவதற்கு முன்னால் படம் முழுவதையும் குரலாகப் பதிந்துவிடுங்கள். நம் பக்கத்துப் பேச்சிலேயே, உங்கள் ஊர்ப் பபூன் நடிகரையே மதகுக்குப் பேச வைத்துப் பதியுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் இருட்டில் நாலு பேரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்கள் செல்போனை எடுக்கிறார்களோ, அந்த இடத்தில் நண்டுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே மறந்துபோயிருக்கும். அந்தக் காட்சியை மறுபடி எழுதிவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைத் திறங்கள்.

நன்றி, வணக்கம்.