ஓஷன்ஸ் தேர்ட்டீன்: மூணாவது படம் இன்னும் தாங்குதா?

(திரையில்: சுத்துற ரௌலட் சக்கரம்)

அமெரிக்க ரௌலட் சக்கரத்துல 38 குழி. 1 முதல் 36 வரைக்கும் எண்கள், கூடவே 0, 00-ன்னு ரெண்டு பச்சைக் குழி. ஆனா ஒரு எண்ணுல கட்டி ஜெயிச்சா 35 மடங்கு லாபம்தான் தருவாங்க. அந்தச் சின்ன இடைவெளியிலதான் கேசினோ பொழைக்குது: நீங்க கட்டுற ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியா 5.26 டாலர் கேசினோவுக்கு. இன்னைக்கு ஒருத்தர் ஜெயிச்சாலும் முதலாளிக்குக் கவலை இல்ல. எழுந்து போகாம ஆடிக்கிட்டே இருந்தா, ஜெயிச்ச பணம் மேசைக்கே திரும்பி வந்துடும்.

2007-ல ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த 'ஓஷன்ஸ் தேர்ட்டீன்' நிக்கிறதே இந்தக் கணக்கு மேலதான். முதல் படத்துல டேனி ஓஷனோட திருட்டுக் கும்பல் கேசினோ பெட்டகத்தை உடைச்சாங்க. இதுல பெட்டகத்துப் பக்கமே போகல. கேசினோவுக்கு வந்தவங்க எல்லாரையும் ஜெயிக்க வைக்கணும், ஜெயிச்ச கையோட வெளியே துரத்தணும். ஜெயிக்க வைக்கிறது பாதி வேலைதான். துரத்துறதுக்காகத்தான் நிலத்தடியில துளைபோடும் மெஷினால கிளப்புற போலிப் பூகம்பம்.

காரணம் பழிவாங்கல். கேசினோ ஹோட்டல் கட்டுற வில்லி பேங்க், அதாவது அல் பசினோ, தன் கூட்டாளியும் டேனி கும்பல்ல ஒருத்தருமான ரூபனை ஏமாத்துறார். ரூபன் மாரடைப்புல படுத்துடுறார். பேங்க் முதல் காலாண்டுல 50 கோடி டாலர் சம்பாதிக்கலேன்னா ஹோட்டல் அவர் கையை விட்டுப் போயிடும். அப்போ திறப்பு விழா ராத்திரியிலேயே அந்த அளவுக்கு அவரைத் தோக்கடிச்சா போதும்.

(திரையில்: கண்ணின் பாப்பா, இதயத் துடிப்பு வரைபடம்)

குறுக்கே நிக்கிறது கிரெக்கோங்கிற கம்ப்யூட்டர். ஜெயிச்சவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாரா, இல்ல முன்னாடியே தெரியுமான்னு உடம்பைப் படிச்சே கண்டுபிடிச்சிடும். அதைக் குழப்ப ஒரு மேக்னெட்ரான், அதாவது நுண்ணலை கிளப்புற கருவி, வேணும். அதைச் செல்போனுக்குள்ள ஒளிச்சு, பேங்குக்கே பரிசாக் குடுக்குறாங்க. அறிவியல் பக்கம் பார்த்தா இது சுத்தக் கப்சா. ஆனா தன் கேசினோவுக்குள்ள வெடியைத் தானே தூக்கிட்டு வர்றவரா பசினோவைக் காட்டுறாங்க பாருங்க, அது சரியான காமெடி.

படத்தோட உச்சம் லாஸ் வேகாஸ்ல இல்ல, மெக்சிகோவுல. பகடைக்கான மூலப்பொருள்லயே கைவைக்க, கும்பல்ல ஒருத்தரான வெர்ஜிலை ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புறாங்க. வேலை நிலைமையைப் பார்த்துக் கொதிச்சுப் போன ஆள், வந்த வேலையை மறந்துட்டு வேலைநிறுத்தத்துல குதிச்சிடுறார். அவரை இழுத்துட்டு வரப் போன சகோதரர் டர்க்கும் போராட்டக்காரர் ஆகிடுறார். கோடிகளைக் கொட்டித் துளைபோடும் மெஷின் வாங்குற கும்பல், கடைசில தொழிலாளிகள் கேக்குற தொகை எவ்வளவுன்னு விசாரிச்சா, அது ஆயிரங்கள்ல இருக்கு. வசனத்துல விளக்கமே இல்லாம அந்த ரெண்டு தொகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு நகர்ந்துடுறாங்க.

சரி, எங்க ஓட்டை? கும்பல்ல லைனஸா வர்ற மேட் டேமன் ஒட்டு மூக்கும் வாசனை மருந்துமா, பேங்கோட உதவியாளரா வர்ற எலன் பார்கினை மயக்குற பகுதி. மருந்து தடவினதும் ஒரு அனுபவசாலிப் பெண் புத்தியை இழக்குறதா காட்டுறது அப்பவே மட்டம், இப்ப இன்னும் மோசம். முந்தின படங்கள்ல இருந்த ஜூலியா ராபர்ட்ஸும் இல்ல, கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸும் இல்ல, அதனால படத்துல பெண்ணுக்குக் கிடைச்ச பெரிய வேடமே இதுதான். பேங்கோட வைரங்களைத் திருடுற பகுதியும் ஒட்டாத கை மாதிரி தொங்குது. திட்டத்துக்குப் பணம் போடுற பழைய எதிரி பெனடிக்ட் வைக்கிற நிபந்தனைங்கிறதைத் தவிர, ஜெயிக்க வைக்கிற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

2004-ல வந்த ரெண்டாவது படத்தோட வெச்சுப் பார்த்தா மூணாவது எவ்வளவோ நேர்மை. அதுல அருங்காட்சியகத்துல இருக்கிற ஒரு ஃபேபர்ஜே அலங்கார முட்டைக்காக ஒரு மணி நேரம் நம்மளை அல்லாட விட்டுட்டு, அசல் முட்டையை எப்பவோ ரயில்லயே எடுத்துட்டோம்னு கடைசில சொல்லுவாங்க. பார்த்த நேரமெல்லாம் வீண்ங்கிற எரிச்சல் வரும். இங்க அப்படி இல்ல, திட்டத்துல பெரும்பகுதியை முன்னாடியே சொல்லிடுறாங்க. படபடப்பு குறையும், சிரிப்பு கூடும். நல்ல பேரம்தான்.

முதல் படத்தைப் பார்த்துட்டு நேரா மூணாவதுக்குத் தாவலாமா? தாவலாம். டூலூர்ங்கிற பிரெஞ்சுத் திருடன் டேனிகிட்ட ஒரு பந்தயத்துல தோத்தவன்னு தெரிஞ்சா போதும். இன்னொரு லாபமும் உண்டு. ரெண்டாவதுல லைனஸோட அம்மா எஃப்.பி.ஐ. அதிகாரி வேஷத்துல வந்து கும்பலைக் காப்பாத்துவாங்க. மூணாவதுல அதே வேஷத்துல அப்பா வர்றார். ரெண்டாவதைப் பார்த்தவங்க அவர் வாயைத் திறந்ததுமே கண்டுபிடிச்சிடுவாங்க.