குடைக் கம்பி முறிந்த கார்

வணக்கம். கார் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். ஆனால் எஞ்சின், குதிரைத்திறன், மைலேஜ் எல்லாம் இன்றைக்கு வராது. ஒரு கூரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதிலும் மேலே தெரிகிற துணியைப் பற்றி இல்லை, துணிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற இரும்புச் சட்டத்தைப் பற்றி.

என்னிடம் ஒரு எம்ஜிபி இருக்கிறது, 1973ஆம் வருடத்து, துணிக் கூரையை மடக்குகிற கார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு காய்கறிப் பை வந்தால் அது யாராவது ஒருவர் மடியில்தான். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்கிற சின்ன ஊரில் 1962இல் தொடங்கி 1980 வரை இதைச் செய்தார்கள். கூரை நிலையாக இருக்கிற ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல். அவ்வளவு ஓடியதால்தான் இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது. 1988இலிருந்து பழைய அச்சுகளை வைத்தே முழு உடம்பையும் புதிதாக அடித்துத் தருகிறார்கள் என்றால் பாருங்கள். இன்னொரு சௌகரியம், பெரிதாக மாற்றிக் கட்டாத 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து இங்கே பிரிட்டனில் வருடாந்திரச் சோதனை கட்டாயம் இல்லை. சௌகரியம் என்கிறேன், ஆனால் எது உடையப்போகிறது என்று சொல்லவும் ஆள் இல்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதிசயமாக வெயில் அடித்தது. இந்த ஊரில் வெயிலைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் புத்தி கலங்கிவிடும். கூரையை மடக்கிவிட்டு ஒரு சுற்று போய் வரலாம் என்று முன்பக்க இரண்டு கொக்கிகளையும் விடுவித்துப் பின்னால் தள்ளினேன். வலது பக்கம் சாதாரணமாக மடங்கியது. இடது பக்கம் பாதியில் நின்றது. குளிரில் வினைல் துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது, அதுதான் இழுக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி மடங்கியது. மடங்கவில்லை, முறிந்தது. வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி, "ஏங்க, என்ன உடைச்சீங்க?" என்றாள். என்ன உடைந்தது என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா?

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு குடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால், கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் உட்காருகிற அகலமான ஒரு கட்டை, மரக்கட்டை இல்லை, இரும்புத் தகடுதான். அதற்குப் பின்னால் துணியைத் தாங்குகிற வளைவுகள், பல்லக்கின் வளைவு மாதிரி. இதையெல்லாம் இரண்டு ஓரங்களிலும் இணைக்கிற தட்டைக் கைகள், கைகள் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரிவெட், அதாவது இரண்டு பக்கமும் தலை உள்ள ஆணி, மூட்டு திரும்புவது அதன் மேல்தான். வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் இரண்டு நாடா, கட்டில் நாடா மாதிரி முரட்டு நாடா. எந்த வளைவு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது அந்த நாடாதான். ஆபிங்டன் தொழிற்சாலை முதலில் விற்ற கூரை வகை ஒன்றில் துணி தனி, சட்டம் தனி. மழை வந்தால் வண்டியை நிறுத்தி, டிக்கியிலிருந்து சட்டத்தை எடுத்து மாட்டி, மேலே துணியைப் போர்த்தி, அதற்குள் மழையே நின்றிருக்கும். 1970இல் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்த மடக்குக் கூரை வந்தது. என்னுடையது அந்த வகை. நல்ல வடிவமைப்பு, மூட்டுகள் எல்லாம் சுதந்திரமாகத் திரும்புகிற வரைக்கும்.

இப்போது ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு கையை நீட்டி முழங்கையை மடக்கிப் பாருங்கள். சுலபமாக மடங்குகிறதா? முழங்கையை யாரோ பசை போட்டு ஒட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். அந்த நிலையில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்து மடக்கினால் முறியப்போவது முழங்கை இல்லை, அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கிற எலும்பு. என் கூரைக்கு நடந்தது அதுதான். முறிந்தது இடது கையின் நடுத்தண்டு. குற்றவாளி அதற்கு நான்கு அங்குலம் தள்ளி இருந்த ரிவெட்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. வெல்டிங் வைக்க ஆனது இருபது நிமிடம். பெரும்பாலானவர்கள், நானும்தான் முதலில், இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முறிந்த இடத்தைப் பார்த்ததும் அங்கே ஓடுகிறோம்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்றவர். வந்து பார்த்தார். முறிந்த இடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மூட்டையும் கட்டைவிரலால் அசைத்துக்கொண்டே போனார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. ஒரு ரிவெட்டில் நின்று நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. பித்தளை! எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ பக்கத்தில் இருந்த ஒரு பழைய விரிசலுக்குப் பித்தளைப் பற்று வைத்திருக்கிறார்கள், உருகிய பித்தளை ஓடி ரிவெட்டுக்குள்ளும் புகுந்து மூட்டைப் பாதி ஒட்டிவிட்டது. மேலே அழகாகப் பெயிண்ட். போதாததற்கு அந்தப் பக்கத்து நாடா துணிக்குள்ளேயே மக்கி அறுந்திருந்தது, வளைவு தன் இடத்தைவிட்டுப் போய்க் கையை இன்னும் நெருக்கியது. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த டக்.

புதுச் சட்டம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். விற்கிறார்கள். நண்பர் ஒருவர் வாங்கினார், முன்கட்டை ஒரு பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது, அதை வளைத்து வளைத்தே அவருடைய கோடை முடிந்தது. பழைய சட்டம் ஐம்பது வருடமாக இந்த வண்டியோடு பழகியது. அதன் அளவு எனக்கு வேண்டும். அதனால் ரிப்பேர் என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை, சட்டத்தை வண்டியிலிருந்து இறக்குவது. வண்டியில் வைத்தபடியே ஒரு பற்று வைத்துவிடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். 1974 வரைக்கும் வந்த எம்ஜிபியில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும். சரியாகக் கூரை மடங்கி விழுகிற இடத்துக்குக் கீழே. பேட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பொறிக்காகக் காத்திருக்கும், பெட்ரோல் டாங்க்கும் அதற்குப் பின்னால் டிக்கிக்கு அடியில். வெல்டிங் பொறி வினைலில் பட்டால் ஓட்டை, சீட்டில் பட்டால் ஓட்டை, மேற்படி இடத்தில் பட்டால் சொல்லவே வேண்டாம். கதவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உடம்போடு இறுக்கியிருக்கிற திருகுகளுக்கு முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அவசரப்பட்டால் திருகின் தலை வழித்துக்கொள்ளும், அப்புறம் அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை.

துணியைக் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். எடுத்துவிட்டோம் என்று நினைக்கிற அளவுக்கு மேல் இன்னும் பத்து.

ரிவெட்டை எடுக்க நடுவில் ஒரு குத்து, மூன்று மில்லிமீட்டர் டிரில் பிட்டில் நேராக ஒரு துளை, அப்புறம் பெரிய பிட்டால் தலையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். சட்டத்தின் கையில் இருக்கிற துளையைத் தொடக்கூடாது. அது ஏற்கெனவே தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், நாம் இன்னும் பெரிதாக்கினால் கதை முடிந்தது. என்னுடையதில் பித்தளையை முழுக்க அரத்தாலும் கிரைண்டராலும் சுரண்ட வேண்டியிருந்தது. முழுக்க என்றால் முழுக்க. கொஞ்சம் விட்டுவிட்டு மிக் வெல்டிங் வைத்துப் பார்த்தேன், பால் பொங்குகிற மாதிரி பொரிந்து, ஆறினதும் ஓட்டை ஓட்டையாக வடை மாதிரி நின்றது. திரும்பவும் சீவி எடுத்து, வெள்ளி மாதிரி பளிச்சென்று இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்த பிறகுதான் பிடித்தது. இன்னொன்று, துத்தநாகம் பூசிய போல்ட்டையோ தகட்டையோ அப்படியே வெல்டிங் வைக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முறிந்த கையைச் சரியான நீளத்தில் எப்படிச் சேர்ப்பது? நல்ல பக்கம் ஒன்று இருக்கிறதே! வலது கையை அட்டையில் வைத்து வரைந்து, வெட்டி, திருப்பிப் போட்டால் இடது கை. அந்த அட்டை மேல் முறிந்த இரண்டு துண்டையும் வைத்துத் துளையோடு துளை பொருந்துகிறதா என்று பார்த்து, அப்புறம் கிடுக்கி போட்டு இறுக்கினேன். விளிம்புகளைச் சரித்துச் சீவி, அடியில் ஒரு செப்புத் தகடு வைத்து, ஒரே மூச்சில் இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தேன், சூட்டில் தண்டு வளைந்துவிடக் கூடாதே என்று. பக்கத்திலேயே இன்னொரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. அதன் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டபின்தான் அதை அடைத்தேன். நுனி கூர்மையாக இருக்கிற வரைக்கும் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும், வட்டத் துளையில் வந்து விழுந்தால் நின்றுவிடும்.

அதற்கு மேல் ஒரு சிம்பு. எலும்பு முறிந்தால் மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவார்களே, அதே சிம்புதான். இரண்டு மில்லி தகட்டில் ஒரு துண்டு, உள்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாமல் வைத்து வெல்டிங் அடித்தேன். ரொம்ப அழகாக வந்தது. பெருமையாக மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. மடங்கும்போது பக்கத்துக் கை வந்து படுக்கிற இடத்தில்தான் என் அழகான சிம்பு உட்கார்ந்திருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, டீயைக் குடித்துக்கொண்டே ஒரு அட்டைத் துண்டை எடுத்து வெளிப்பக்கம் வைத்துக் காட்டினார். முதலில் அட்டையை ஒட்டி மடக்கிப் பார்த்திருந்தால் அந்த வெல்டிங்கை அறுத்தெடுத்த ஒரு மணி நேரம் மிச்சம்.

சரி, மூட்டுக்கு வருவோம். முட்டை வடிவத் துளையை வெல்டிங்கால் அடைத்துவிட்டுப் புதிதாக வட்டமாகப் போட்டேன். பழையபடி ரிவெட் அடிக்கவில்லை. நடுவில் மரை இல்லாத, வழவழப்பான தண்டு உள்ள போல்ட், இரண்டு கைக்கும் நடுவில் நைலான் வாஷர், கடைசியில் தானாகக் கழலாத நைலாக் நட்டு. கை ஆடக்கூடாது, ஆனால் தன் கனத்திலேயே மெதுவாக இறங்க வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கம். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது பிடிக்காது, ரிவெட் இருந்த இடத்தில் நட்டு தெரிகிறதே என்பார்கள். தெரியட்டும். அடுத்த முறை இறுகினால் ஒரு ஸ்பேனர் போதும் எனக்கு.

நாடாவில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய நாடாவை அளந்து அதே நீளத்துக்குப் புதிது வெட்டாதீர்கள், ஐம்பது வருடம் இழுபட்டு நீண்டு போனது அது. சட்டத்தை வண்டியில் ஏற்றி, முன்கொக்கிகளைப் போட்டு, துணியை மேலே போர்த்தி, துணியின் தையல் எந்த இடத்தில் விழுகிறதோ அங்கே வளைவை நிறுத்தி, அந்த நிலையில் நாடாவின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன், இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூட்டு, அப்புறம் வலதிலிருந்து இடது. நாலு மில்லி வித்தியாசம். கட்டில் கட்டுகிற ஆசாரி இதைச் சிரித்துக்கொண்டே சரிசெய்திருப்பார், எனக்கு ஒரு முழு மாலை ஆனது. வினைலை மட்டும் குளிரில் மாட்டாதீர்கள். வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் ஒரு ராத்திரி விரித்து வைத்து, சூடு ஆறுவதற்குள் மாட்டினால் பிள்ளை மாதிரி சொன்ன பேச்சு கேட்கும்.

எல்லாம் முடிந்து பூவாளியில் தண்ணீர் நிரப்பி மேலே ஊற்றினேன். மனைவி உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. கூரையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. கதவுக் கண்ணாடி ஓரத்தில் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து, "ஏங்க, முழங்கால்ல விழுதுங்க" என்று குரல். குனிந்து பார்த்தால், முன் கண்ணாடிச் சட்டம் வண்டி உடம்போடு சேருகிற இடத்தில் அடி ரப்பர் வெடித்திருக்கிறது. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ரப்பரை மாற்ற வேண்டுமானால் முன் கண்ணாடியையே முழுசாகக் கழற்ற வேண்டும். புது ரப்பர் வாங்கிவிட்டேன், கவரைப் பிரிக்காமல் கேரேஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன். மழை நாளில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கு இப்போதைக்கு ஒரு துண்டு தருகிறோம்.